முதலில் சக்கரம், பிறகு கொதிகலன்

லெகோ கட்டைகளில் நீராவி இன்ஜின் வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

உங்களில் பலர் கல்லூரி மாணவர்கள். சிலர் பகலில் வேலைக்குப் போய்விட்டு, இரவில் கணினித் திரையில் கட்டைகளை அடுக்குகிறவர்கள். பிள்ளைகளுக்கு என்று வாங்கிய பெட்டியைத் தாங்களே கைப்பற்றிக்கொண்ட பெற்றோரும் உண்டு. நீங்கள் வரைந்து காட்டும் நீராவி இன்ஜின்களை ஆசையோடு பார்த்து வருகிறேன். கொதிகலனின் வளைவும், புகைபோக்கியின் உதடும், ஓட்டுநர் அறையின் ஜன்னல் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. ஒன்றுதான் குறை. அவற்றில் பல, தண்டவாளத்தில் வைத்தால் முதல் வளைவிலேயே இறங்கிவிடும்.

ஓடாத இன்ஜினைக் கட்டவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கவென்றே கட்டப்படும் மாடல்களுக்கும் மரியாதை உண்டு. லெகோ நிறுவனமே 2022-இல் 5,129 துண்டுகள் கொண்ட பெரிய ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸைக் காட்சிப் பொருளாகத்தான் வெளியிட்டது. ஆனால் ‘இது ஓடாது’ என்று தொடங்கும்போதே முடிவெடுப்பது வேறு. எல்லாம் முடிந்த பிறகு தண்டவாளம் அந்த முடிவை நம்மீது சுமத்துவது வேறு. நான் பேசவருவது இரண்டாவதைப் பற்றி.

கட்டைகளில் இன்ஜின் வடிவமைப்பது என்றாலே எதையாவது விட்டுக்கொடுப்பதுதான். எதை விட்டுக்கொடுப்பது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சக்கரத்திலிருந்தும் வளைவிலிருந்தும் தொடங்க வேண்டும். கொதிகலனிலிருந்து தொடங்கினால் அந்த உரிமை கைநழுவிப்போகும். இதைத்தான் இந்த மடல் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

கணக்கைத் தொடங்குவோம். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று பிளேட்டை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம், 9.6 மி.மீ. இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய 37.5 மி.மீ. பெட்டியில் வரும் வளைவுத் துண்டுகள் பதினாறைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். அதன் ஆரம் 40 குமிழ், அதாவது 320 மி.மீ. லெகோ ரயில் 1966-இல் பிறந்தது. 1991-இல் 9 வோல்ட் வந்தது. 2018-இல் பவர்ட் அப் வந்தது. மின்சாரம் கொடுக்கும் முறை மாறிக்கொண்டே இருந்தாலும் அந்த 40 குமிழ் வளைவு மட்டும் அசையவில்லை. நீங்கள் எந்த நாட்டு இன்ஜினை வரைந்தாலும் கடைசியில் போய் நிற்க வேண்டியது அதன் முன்னால்தான்.

அது எவ்வளவு கொடிய வளைவு என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தின் ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ இன்ஜினை 1:48 என்ற அளவில் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, டான்காஸ்டர் பணிமனையிலிருந்து 1923-இல் வெளிவந்த இன்ஜின் அது. 1934-இல் மணிக்கு 100 மைல் தொட்டது. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து அதன் நீளம் 21 மீட்டருக்கு மேல். நம்முடைய 320 மி.மீ. ஆரத்தை 48-ஆல் பெருக்கினால் 15.4 மீட்டர்தான் வருகிறது. தன் நீளத்தைவிடக் குறைந்த ஆரமுள்ள வளைவில் ஓர் எக்ஸ்பிரஸ் இன்ஜினைத் திருப்பச் சொல்கிறோம்! நிஜ உலகில் எந்தப் பொறியாளரிடமும் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இப்போது சக்கரம். 2009-இல் லெகோ வெளியிட்ட ‘எமரால்டு நைட்’, 1,085 துண்டுகள் கொண்ட ஒரு பச்சை நிற 4-6-2 இன்ஜின் (முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு இயக்குச் சக்கரங்கள், பின்னால் இரண்டு). நம் பொழுதுபோக்குக்கு அது கொடுத்த பெரிய கொடை, ஆரக்கால்கள் கொண்ட பெரிய இயக்குச் சக்கரம். தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதியின் விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ.; உள்பக்க விளிம்பையும் சேர்த்தால் 37 மி.மீ. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனின் இயக்குச் சக்கரமோ 6 அடி 8 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. 1:48 அளவில் அது 42 மி.மீ. இருக்க வேண்டும். லெகோவின் சக்கரம் அதில் முக்கால் பங்குகூட இல்லை. நெடுங்கால் குதிரைக்குக் குட்டைக் குதிரையின் காலை ஒட்டியது போல இருக்கும்.

‘சக்கரத்துக்கு ஏற்ப அளவைச் சுருக்கிவிடலாமே’ என்பீர்கள். சுருக்கிப் பாருங்கள். 2,032-ஐ 30-ஆல் வகுத்தால் 1:68. ஒன்பது அடி அகலமுள்ள இன்ஜின் 40 மி.மீ. ஆகிவிடும், அதாவது வெறும் ஐந்து குமிழ். தண்டவாள இடைவெளியே 37.5 மி.மீ. இருக்கும்போது சக்கரங்கள் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே இந்த இன்ஜினில் வழி இரண்டுதான். வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் பெரிய சக்கரத்தைத் தேடுவது ஒன்று. சிறிய சக்கரத்தை ஏற்றுக்கொண்டு, அதன் குட்டைத்தனம் தெரியாதபடி சக்கரத்தின் மேல்வளைவையும் ஓடுபலகையையும் தாழ்த்தி அமைப்பது இன்னொன்று. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். கொதிகலனைக் கட்டுவதற்கு முன்னால் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் ரயில்வே 1954 முதல் 1960 வரை கட்டிய 9எஃப் வகைச் சரக்கு இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 251 கட்டப்பட்டன. அவற்றில் கடைசியான ‘ஈவ்னிங் ஸ்டார்’தான் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி இன்ஜின். அதன் சக்கரம் 5 அடி. 1:48-இல் கிட்டத்தட்ட 32 மி.மீ. லெகோ சக்கரம் அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஜோடி இயக்குச் சக்கரங்கள்! விளிம்போடு 37 மி.மீ. இருக்கும் சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, அச்சுக்கு அச்சு 5 குமிழ் விட வேண்டும். முதல் அச்சுக்கும் ஐந்தாம் அச்சுக்கும் இடையே 20 குமிழ், அதாவது 160 மி.மீ. நெளியாத ஒரே சட்டம்.

இங்கேதான் ஒரு சின்னச் சூத்திரம் கைகொடுக்கும். விளிம்புள்ள இரு முனை அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். வளைவில் நடு அச்சின் அடியில் தண்டவாளம் எவ்வளவு விலகிப்போகிறது என்பது விடையாக வரும். மூன்று அச்சு இன்ஜினில் முனைகளுக்கு இடையே 80 மி.மீ. என்றால், 6,400 வகுத்தல் 2,560, அதாவது 2.5 மி.மீ. நடுச் சக்கரத்துக்கும் விளிம்பு இருந்தால் அந்த 2.5 மி.மீ. இடத்துக்குச் சண்டை வரும். ஒன்று இன்ஜின் இறுகி நிற்கும், இல்லையேல் ஏறி இறங்கிவிடும். அதனால்தான் எமரால்டு நைட்டின் நடுச் சக்கரத்துக்கு விளிம்பே இல்லை. ஐந்து அச்சு இன்ஜினில் இதே கணக்கைப் போட்டால் 10 மி.மீ. வருகிறது. ஒரு குமிழைவிட அதிகம். விளிம்பை எடுத்துவிட்டாலும் சக்கரத்தின் அடியில் தண்டவாளமே இருக்காது.

விளிம்பில்லாச் சக்கரம் என்றதும் ‘பொம்மைக்காரர்களின் தந்திரம்’ என்று சிலர் உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நிஜ 9எஃப் இன்ஜினின் நடு ஜோடிச் சக்கரத்துக்கும் விளிம்பு கிடையாது. நீண்ட சட்டத்தை வளைவில் திருப்ப அந்தப் பொறியாளர்களும் அதே வழியைத்தான் பிடித்தார்கள். நாம் செய்வது ஏமாற்று வேலை அல்ல. அவர்கள் செய்ததையே, அவர்களுக்கு நேர்ந்ததைவிடக் கடுமையான வளைவில் செய்கிறோம்.

ஐந்து அச்சுக்கு என்ன செய்வது? இரண்டாம், நான்காம் அச்சுகளுக்கு மட்டும் விளிம்பு வைத்தால் நடு அச்சில் விலகல் 2.5 மி.மீ.; சமாளிக்கலாம். ஆனால் முதல் அச்சும் ஐந்தாம் அச்சும் வளைவில் 7.5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை ஒரு மயிரிழை உயர்த்திவைத்து, தண்டவாளத்தைத் தொடாமல் சும்மா சுழலவிடுகிறவர்கள் உண்டு. அச்சு பக்கவாட்டில் நகர இடம் கொடுக்கிறவர்களும் உண்டு. ஒரு ஜோடியையே விட்டுவிட்டு நான்கோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு முடிவுதான். மூன்றில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். கொதிகலனின் நீளம் முடிவாவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா என்றுதான் கேட்பேன்.

முன்னால் உள்ள சிறு சக்கரங்களைத் தாங்கும் முன் போகிக்கும் இதே கதைதான். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் போன்ற 4-6-2 இன்ஜினில் சிலிண்டர்கள் முன் போகிக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. போகியின் மையம் நடு இயக்கு அச்சிலிருந்து 10 குமிழ் முன்னால் இருந்தால், வளைவில் அது பக்கவாட்டில் 7.5 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். சிலிண்டரைச் சட்டத்தோடு பொருத்தினால், நகரும் போகியின் சக்கரம் போய் அதன்மேல் இடிக்கும். போகியோடு பொருத்தினாலோ, சிலிண்டர் ஒரு பக்கம் பார்க்க, பிஸ்டன் தண்டு இன்னொரு பக்கம் இழுக்கும். திரையில் இரண்டுமே அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் திரையில் நாம் இன்ஜினை நேர்ப்பாதையில்தான் நிறுத்திவைக்கிறோம். சிலிண்டரின் உள்பக்கத்தை அரைக் குமிழ் குடைந்து, போகிக்குச் சிறிய சக்கரம் போட்டு, அதன் இணைப்புத் தண்டை நீளமாக்கி, பின்னால் தள்ளிப் பொருத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் இதையெல்லாம் செய்ய, சிலிண்டருக்கு மேலே புகைப்பெட்டியின் அடியில் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கட்டைகள் நமக்கு எப்போதும் முட்டுக்கட்டை போடுவதில்லை. சில சமயம் வலிய வந்து உதவவும் செய்கின்றன. நீராவி இன்ஜினில் இடப்பக்கத்து இணைப்புத் தண்டும் வலப்பக்கத்துத் தண்டும் ஒரே நிலையில் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் முனைப்புள்ளியில் நின்றுவிட்டால் நீராவி எவ்வளவு தள்ளினாலும் வண்டி கிளம்பாது. அதனால் இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு பக்கத்தை 90 பாகை தள்ளி அமைப்பார்கள். பணிமனையில் இது நுட்பமாக அளந்து செய்ய வேண்டிய வேலை. டெக்னிக் அச்சுக்கோ கூட்டல் குறி வடிவம்; சக்கரத்தை ஒரு கால் திருப்பிச் செருகினால் பிசகாமல் 90 பாகை! ஆனால் கிரெஸ்லியின் இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர். அவற்றின் கோணம் 120 பாகை. கூட்டல் குறி அச்சு அதற்கு ஒத்துவராது. இங்கே நாம் 90-ஐ ஏற்றுக்கொள்கிறோம். ஓடும்போது அந்த வித்தியாசம் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

கொதிகலனைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதில் நீங்கள் எனக்குப் பாடம் எடுப்பீர்கள். ஐந்து பிளேட்டின் உயரமும் இரண்டு குமிழின் அகலமும் ஒன்றுதான், 16 மி.மீ. இந்த ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டு கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி, நான்கு புறமும் வளைந்த துண்டுகளை ஒட்டி உருளையாக்கும் வித்தை உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மோட்டார் எங்கே உட்காரப்போகிறது?

மோட்டாரை டெண்டரில் வைத்தால் வேலை எளிது. கொதிகலனுக்குள் முழுச் சுதந்திரம். ஆனால் பின்னால் இருந்து தள்ளப்படும் இன்ஜினின் பெரிய சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு, சுழலாமலே சறுக்கும். இணைப்புத் தண்டுகள் அசையாத நீராவி இன்ஜினைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. மோட்டாரை இன்ஜினுக்குள் வைத்துப் பெரிய சக்கரங்களையே சுழற்றினால் காட்சி பிரமாதம். ஆனால் பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் பிடிக்காது. அதற்குச் சக்கரத்தின் பள்ளத்தில் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். கூடவே, எடை அந்தச் சக்கரங்களின் மேல் இறங்க வேண்டும். ஆறு சிறிய பேட்டரிகளைச் சுமக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை டெண்டரில் வைத்துவிட்டு, இன்ஜினைக் கூடாகக் கட்டினால், நான்கு பெட்டிகளை மாட்டிய உடனே சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்னும் பின்னும் உள்ள சிறு சக்கரங்கள் எடையைத் தாங்காமல், வழிகாட்டுவதோடு நிற்கும்படி தளர்வாகப் பொருத்துங்கள். நிஜ இன்ஜினிலும் இயக்குச் சக்கரத்தின் மேல் இறங்கும் எடைதான் இழுவையை முடிவு செய்தது. அந்த எடையைத் தண்டவாளமும் பாலமும் தாங்குமா என்பதுதான் பொறியாளரின் ஓயாத கவலை.

இதையெல்லாம் மறக்கச்செய்வது எது என்றால், நம் கணினிதான். ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் எல்டிரா மென்பொருளை உருவாக்கிய நாளிலிருந்து, கையில் கட்டையே இல்லாதவரும் வடிவமைக்கலாம் என்ற கதவு திறந்தது. இன்று ஸ்டூடியோ மென்பொருளில் அது இன்னும் எளிது. ஒரு பெட்டியின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். அந்த வரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் திரையில் புவியீர்ப்பு இல்லை, உராய்வு இல்லை, தொய்வு இல்லை. லெகோ என்றுமே வார்க்காத நிறத்தில் ஒரு துண்டை நீங்கள் பூசிக்கொள்ளலாம். மென்பொருளில் ஒரு சின்ன எச்சரிக்கை வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கரும்பச்சையில் உங்களுக்கு வேண்டிய வளைந்த துண்டு கிடைக்குமா என்று முதல் நாளே தேடிப் பார்த்தால், நிறத்தை மாற்றுவதா வடிவத்தை மாற்றுவதா என்பதை அப்போதே முடிவு செய்யலாம்.

ஆகவே உங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

முதலாவது: எந்த இன்ஜினானாலும் சட்டத்தையும் சக்கரங்களையும் மட்டும் முதலில் கட்டி, ஒரு முழு வட்டத்தில் கையால் தள்ளிப் பாருங்கள். இதற்கு மோட்டார் வேண்டாம், நிறம் வேண்டாம். கிடைக்கும் கட்டை எதுவானாலும் போதும். வளைவுத் துண்டுகள் இல்லாதவர்கள் நண்பர்களிடம் கேட்டு வாங்குங்கள். இருப்பவர்கள் கொடுங்கள், ஒரு வட்டத் தண்டவாளம் ஊரில் பத்துப் பேருக்குப் போதும்.

இரண்டாவது: படத்தை வெளியிடும்போது மூன்று விவரங்களைக் கூடவே எழுதுங்கள். என்ன அளவு, எந்த வளைவில் ஓடுகிறது, நிஜ இன்ஜினிலிருந்து எதை விட்டீர்கள். ‘சக்கரம் சிறியது, கோணம் 90 பாகை, முன் போகியின் சக்கரம் சிறியது’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்து அதே இன்ஜினைக் கட்டப்போகிறவருக்கு, உங்கள் அழகான படத்தைவிட அந்த ஒரு வரிதான் அதிகம் பயன்படும். ‘அலமாரிக்கு மட்டும்’ என்றாலும் அப்படியே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, ஓர் இன்ஜின். உலகம் முழுக்க ஐரோப்பிய, அமெரிக்க எக்ஸ்பிரஸ்களைக் கட்டிக் குவித்துவிட்டார்கள். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜினை எடுத்துப் பாருங்களேன். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்த வடிவம். பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகக் கட்டப்பட்டது. நம் ஊர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கட்டைக்காரருக்கு அதில் இருக்கும் சவால் வேறெதிலும் கிடைப்பது அரிது. ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்றாக இரண்டு சிலிண்டர். கீழே இருப்பது தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பல்தண்டவாளத்தில், ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், கீழ்ச் சிலிண்டரில் வேலை செய்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரங்களை இயக்கும். இடையில் ஒரு பல்லிணைப்பு இருப்பதால், மேல் தண்டு கீழ்த் தண்டுக்கு எதிர்த்திசையில், வேகமாகச் சுழலும். லெகோவின் 16 பல் சக்கரத்தையும் 8 பல் சக்கரத்தையும் ஒன்றரைக் குமிழ் இடைவெளியில் வைத்தால், எதிர்த்திசையும் இரட்டை வேகமும் ஒரே அடியில் கிடைத்துவிடும்.

அளவும் யோசிக்க வைக்கும். அது மீட்டர் பாதை. தண்டவாளத்துக்கு விசுவாசமாக இருந்தால் அளவு ஏறக்குறைய 1:27. இன்ஜின் பெரிதாகும், நாலு சென்டிமீட்டர் லெகோ மனிதன் அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் உயரச் சிறுவனாகிவிடுவான். மனிதனுக்கு ஏற்ப 1:48 எடுத்தால் அந்தத் தண்டவாளம் அகலப் பாதையைவிட அகன்றுவிடும். நான்கு ஜோடி இயக்குச் சக்கரங்கள் வேறு. 5 குமிழ் இடைவெளியில் வைத்தால் முனைக்கு முனை 120 மி.மீ. நட்டநடுவில் விலகல் 5.6 மி.மீ. என்கிறது நம் சூத்திரம். எந்த அச்சுக்கு விளிம்பு, எந்த அச்சுக்கு இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; வளைவில் தள்ளப்படும் பெட்டி, இழுக்கப்படும் பெட்டியைவிடச் சுலபமாகத் தடம் புரளும்.

உங்களில் யாராவது அதன் சட்டத்தை மட்டும், கொதிகலனே இல்லாமல், 40 குமிழ் வளைவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். மேலே என்ன கட்டுவது என்று அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உங்களோடு கட்டைகள் அடுக்கும் ஒருவன்